அரைத்துப் பூசினால் கூந்தல் வளருமா?

மதுரையை ஆண்ட பாண்டிய மன்னன் ஒருவனுக்கு ஒரு நாள் சந்தேகம் வந்தது. பெண்களின் கூந்தலுக்கு மணம் இயற்கையிலேயே உண்டா? அல்லது பூவும் எண்ணெயும் அகிற்புகையும் சேர்வதால்தான் மணக்கிறதா? சந்தேகத்தைத் தீர்க்கும் பாடலுக்குப் பொற்கிழி பரிசு என்று அறிவித்தான். தருமி என்ற ஏழை, இறைவன் எழுதித் தந்த பாடலைக் கொண்டு வந்ததும், நக்கீரர் அதில் குற்றம் கண்டதும், கடைசியில் பொற்றாமரைக் குளத்தில் விழுந்ததும் நீங்கள் அறிந்த கதைதான். பரஞ்சோதி முனிவர் இயற்றிய திருவிளையாடற் புராணத்தில் இது வருகிறது.

கதையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, மன்னனின் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு நல்ல விஞ்ஞானக் கேள்வி. கூந்தலின் குணம் உள்ளிருந்து வருகிறதா, வெளியே பூசுவதால் வருகிறதா?

அதே மதுரைச் சீமையில், அதே கேள்வி இன்றும் ஞாயிற்றுக்கிழமைதோறும் வேறு உருவில் எழுகிறது. மேலூரோ, திருமங்கலமோ, உசிலம்பட்டியோ, எந்த ஊர் முற்றமானாலும் சரி. அப்பத்தா அம்மியில் செம்பருத்தி இலையையும் ஊறவைத்த வெந்தயத்தையும் கறிவேப்பிலையையும் அரைத்து வைத்திருப்பார். "அசையாம உக்காரு தாயி" என்று பேத்தியின் தலையில் அதை அப்புவார். "இப்படிப் பூசினா முடி நெசமாவே வளருமா அப்பத்தா?" என்று பேத்தி கேட்பாள். "எங்க காலத்துல முழங்கால் வரைக்கும் வளர்ந்துச்சே" என்று பதில் வரும்.

இதே சமாச்சாரம் கடையில் டப்பாவில் அடைத்து, 'ஹேர் மாஸ்க்' என்ற பெயரில் விற்பனையாகிறது. கூந்தலுக்கு ஊட்டம் தரும் என்று அதன்மேல் அச்சிட்டிருப்பார்கள். ஊட்டம் என்றால் சாப்பாடு. கூந்தல் சாப்பிடுமா? சாப்பிடும் என்றால் எந்த வாயால்? அதைத்தான் இப்போது பார்க்கப் போகிறோம்.

உயிருள்ள வேர், உயிரற்ற இழை

முடி வெட்டிக்கொள்ளும்போது வலிப்பதில்லை. ஆனால் ஒரே ஒரு முடியைப் பிடித்து இழுத்தால் 'ஆ' என்று கத்துகிறோம். ஏன்?

தலைக்கு வெளியே நாம் காணும் இழையில் உயிரணு ஒன்றுகூட உயிருடன் இல்லை. அதில் நரம்பு இல்லை, இரத்தமும் இல்லை. கெரட்டின் என்னும் புரதத்தால் ஆன உயிரற்ற நார் அது. நகமும் மாட்டின் கொம்பும் பறவையின் இறகும்கூடக் கெரட்டின்தான். இந்தப் புரதத்தில் கந்தகம் மிகுதி. முடி கருகும்போது எழும் நாற்றத்திற்குக் காரணம் அந்தக் கந்தகமே.

உயிர் இருப்பது தோலுக்கு அடியில். அங்கே ஒவ்வோர் இழைக்கும் குழி போன்ற ஓர் உறை உண்டு. அதை மயிர்க்கால் என்கிறோம். அதன் அடியில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வந்து சேர்கின்றன. அங்குள்ள உயிரணுக்கள் இடைவிடாமல் பெருகுகின்றன. புதியவை பழையவற்றை மேலே தள்ளுகின்றன. மேலே வர வர அவை கெரட்டினால் நிரம்பி, இறுகி, இறந்து, இழையாக வெளியே வருகின்றன.

ஆகவே கூந்தலுக்கு வாய் ஒன்று இருக்குமானால் அது மயிர்க்காலின் அடியில்தான் இருக்கிறது. அந்த வாய்க்கு உணவு ஊட்டுவது இரத்தம். நாம் மேலே அப்பும் பூச்சோ, பெரும்பாலும் இறந்த இழையின்மேல்தான் படிகிறது.

ஒரு சின்னக் கணக்கு

மனிதத் தலையில் ஏறக்குறைய 1 லட்சம் முடிகள் உண்டு. மயிர்க்கால்கள் நாம் பிறப்பதற்கு முன்பே அமைந்துவிடுகின்றன. பிறகு எதைப் பூசினாலும் புதிய மயிர்க்கால் தோன்றுவதில்லை.

ஒரு முடி நாளொன்றுக்குச் சுமார் 0.35 மில்லிமீட்டர் வளரும். மிகவும் அற்பம் என்று தோன்றுகிறதல்லவா? ஆனால் 1 லட்சம் முடிகளில் சுமார் 90,000 முடிகள் ஒரே சமயத்தில் வளர்ந்துகொண்டிருக்கின்றன. பெருக்கிப் பாருங்கள்: 31 மீட்டருக்கு மேல் வரும்! மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் சுமார் 52 மீட்டர் உயரம். அதைவிட நீளமான இழையை உங்கள் தலை இரண்டே நாளில் நெய்து முடித்துவிடுகிறது. இத்தனைக்கும் வேண்டிய புரதம் முழுவதும் நீங்கள் சாப்பிட்ட சாப்பாட்டிலிருந்து, இரத்தத்தின் வழியாகவே வந்தாக வேண்டும்.

ஒரு முடி 2 முதல் 6 ஆண்டுகள் வளரும். அதன்பின் சில வாரங்களில் வளர்ச்சி அடங்கி, சுமார் 3 மாதம் ஓய்வெடுத்து, உதிர்ந்துவிடும். அதே மயிர்க்காலிலிருந்து வேறொரு முடி கிளம்பும். ஒரு முடியின் ஆயுள் 1,000 நாள் என்று வைத்துக்கொண்டால், 1 லட்சம் முடிகளில் நாளொன்றுக்கு 100 முடிகள் உதிர வேண்டும். ஆயுள் 2,000 நாள் என்றால் 50 உதிரும். ஆகவே சீப்பில் தினமும் 50 முதல் 100 முடிகள் வந்தால் கவலைப்பட வேண்டாம். அது வழக்கமான கணக்குதான்.

அப்பத்தாவுக்கு முழங்கால் வரை முடி வளர்ந்ததன் இரகசியமும் இதில் இருக்கிறது. அவருடைய மயிர்க்கால்கள் ஓய்வெடுக்காமல் நெடுங்காலம் வளர்ந்திருக்கின்றன. அந்தக் காலத்தின் நீளம் பெரும்பாலும் பரம்பரையாக வருவது. 'ஏழே நாளில் நீண்ட கூந்தல்' என்று யாராவது சொன்னால், 0.35-ஐ ஏழால் பெருக்கிக் காட்டுங்கள். இரண்டரை மில்லிமீட்டர்கூட வராது.

அப்படியானால் பூச்சு வீணா?

அவசரப்படாதீர்கள். இறந்த பொருளுக்கு உணவு வேண்டாம். ஆனால் பாதுகாப்பு வேண்டும். கதவு உயிரற்றதுதான். ஆனாலும் வெயிலும் மழையும் படும் கதவுக்கு எண்ணெய் பூசுகிறோம் அல்லவா?

முடி இழையின் மேற்புறம், ஓட்டு வீட்டின் கூரையைப் போன்றது. ஒன்றன்மேல் ஒன்று படிந்த மெல்லிய செதில்கள் வேரிலிருந்து நுனியை நோக்கி அடுக்கியிருக்கின்றன. ஒரு நீண்ட முடியை இரண்டு விரல்களுக்கிடையே வைத்து வேரிலிருந்து நுனிக்கு உருவுங்கள், வழுவழுப்பாக இருக்கும். நுனியிலிருந்து வேருக்கு உருவுங்கள், சொரசொரப்பு தெரியும். ஓட்டின் விளிம்பு விரலில் இடறுகிறது!

மாதம் சுமார் 1 சென்டிமீட்டர் வளரும் கூந்தல் 60 சென்டிமீட்டர் இருந்தால், அதன் நுனிக்கு வயது 5. ஐந்து கத்திரி வெயிலையும், ஆயிரக்கணக்கான முறை சீப்பின் பல்லையும் அது தாங்கியிருக்கிறது. அதன் ஓடுகள் பெயர்ந்திருக்கும். பெயர்ந்த இடத்தில் இழை பிளந்து முறியும். பல இழைகள் பாதியில் முறிந்தால், ஒரு முடியும் உதிராமலேயே சடை மெலிந்து தோன்றும்.

பூச்சு உதவுவது இங்கேதான். ஊறவைத்த வெந்தயத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? செம்பருத்தி இலையைக் கசக்கிப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டும் கொழகொழவென்று இருக்கும். சோற்றுக் கற்றாழையும் அப்படியே. அந்தக் கொழகொழப்பு இழையின்மேல் மெல்லிய படலமாகப் படிந்து, உராய்வைக் குறைக்கிறது. சீப்பு எளிதாக ஓடுகிறது; சிக்கு குறைகிறது; முறிவதும் குறைகிறது. முறியாமல் மிஞ்சும் முடி, சடையைக் கனமாகக் காட்டுகிறது. அப்பத்தா 'வளர்ந்தது' என்று சொல்வதில் ஒரு பகுதி, உண்மையில் 'முறியாமல் நின்றது' எனலாம்.

தேங்காயெண்ணெய் இன்னும் ஒரு படி மேலே போகிறது. அதில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது. ஆகவே ஓடுகளின் இடுக்கு வழியாக இழைக்குள் புகுந்துவிடுகிறது. ரேலே, மோஹிலே என்ற இந்திய ஆராய்ச்சியாளர்கள் 2003-ல் வெளியிட்ட ஆய்வில் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் இழக்கப்படுவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே. குளிப்பதற்கு முன்பு எண்ணெய் தேய்க்கும் நம் வழக்கத்திற்குக் கிடைத்த நல்ல சான்று இது.

முட்டையின் கதை வேறு. முட்டைப் புரதத்தின் மூலக்கூறு மிகப் பெரிது. அது இழைக்குள் புக முடியாது. மேலே ஒட்டிக்கொள்ளும், அவ்வளவே. சுடுநீரில் அலசினால் தலையிலேயே வெந்துவிடும். பிறகு ஒவ்வொரு துணுக்காகப் பொறுக்க வேண்டியதுதான்!

செம்பருத்தியும் வெள்ளெலியும்

"செம்பருத்தி முடியை வளர்க்கும் என்று விஞ்ஞானிகளே சொல்லியிருக்கிறார்களாமே?" என்று நீங்கள் கேட்கலாம். அதையும் பார்த்துவிடுவோம்.

சென்னையிலுள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் 2003-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செம்பருத்தியின் இலையிலிருந்தும் பூவிலிருந்தும் பெட்ரோலிய ஈதர் என்னும் கரைப்பானைக் கொண்டு சாரத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதை வெள்ளெலிகளுக்குப் பூசிப் பார்த்தார்கள். எலியின் மயிர்க்கால்களைத் தனியே எடுத்து, ஆய்வுக்கூடத்தில் வளர்த்தும் சோதித்தார்கள். முடி வளர்ச்சி தூண்டப்பட்டது தெரிந்தது. பூவின் சாரத்தைவிட இலையின் சாரம் வலிமையாக இருந்தது.

நல்ல செய்திதான். ஆனால் நிதானமாக யோசியுங்கள். சோதனை நடந்தது எலியில். எலியின் மயிர்க்கால் மனிதனுடையதைப் போலவே நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. பூசியது பிரித்தெடுத்த சாரம். அம்மியில் அரைத்த விழுது அல்ல. பெட்ரோலிய ஈதரில் கரைந்து வரும் பொருள்கள் எல்லாம் தண்ணீர் விட்டு அரைத்த விழுதிலிருந்து தோலுக்குள் இறங்கும் என்பதற்கு உறுதி இல்லை. இது ஆராய வேண்டிய வாசலைத் திறந்து காட்டிய ஆய்வு. மனிதத் தலையில் நிரூபித்த ஆய்வு அல்ல. ஓர் ஆய்வைப் படிக்கும்போது எதில் செய்தார்கள், எவ்வளவு பூசினார்கள், எதனோடு ஒப்பிட்டார்கள் என்று கேட்கப் பழகுங்கள்.

உப்புத் தண்ணீரும் சீயக்காயும்

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் பல கிராமங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாக இருக்கும். கால்சியம், மக்னீசியம் உப்புகள் அதில் அதிகம். அந்த நீரில் சோப்புப் போட்டால் நுரை வராது; வெள்ளையாகத் திரியும். அந்தத் திரிவு முடியில் படிந்து, சொரசொரப்பையும் மங்கலையும் உண்டாக்கும். மேலும் சோப்பு காரத்தன்மை உடையது. அது கூரை ஓடுகளைத் தூக்கிவிடுகிறது.

சீயக்காயில் சபோனின் என்னும் பொருள் இருக்கிறது. அது சோப்பைப் போலவே நுரைத்து அழுக்கை எடுக்கும். ஆனால் கடின நீரில் திரிவதில்லை. அதன் கரைசல் இலேசான அமிலத்தன்மை உடையது. ஆகவே ஓடுகள் படிந்தே கிடக்கும்.

இரண்டு சிறு பாட்டில்களில் ஆழ்துளைக் கிணற்று நீரைப் பாதி நிரப்புங்கள். ஒன்றில் துணி சோப்புச் சீவல், மற்றொன்றில் வடிகட்டிய சீயக்காய்க் கரைசல் சேர்த்துக் குலுக்குங்கள். எதில் வெண்திரிவு மிதக்கிறது? மழைநீரிலும் செய்து பாருங்கள். கண்ணில் சீயக்காய் பட்டால் எரியும், கவனம்.

சீப்பு சொல்லும் சேதி

மதுரைக்குத் தென்கிழக்கே சுமார் 12 கிலோமீட்டரில் உள்ள கீழடி அகழாய்வில் தந்தத்தால் செய்த சீப்பு கிடைத்திருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வைகைக் கரையில் தலை வாரியிருக்கிறார்கள்! அந்தப் பழைய கருவியையே நாம் ஒரு சோதனைக் கருவியாக்கலாம்.

சீப்பில் வந்த முடிகளை வெள்ளைத்தாளில் பரப்பி, ஒவ்வொன்றின் இரு முனைகளையும் பாருங்கள். ஒரு முனையில் குண்டூசித் தலையைவிடச் சிறிய வெண்முடிச்சு இருந்தால், அது வேரோடு உதிர்ந்த முடி. இரு முனையிலும் முடிச்சு இல்லை என்றால், அது நடுவில் முறிந்த முடி.

இந்த ஒரு வேறுபாடு மிக முக்கியம். முறிந்த முடிகள் அதிகமானால் குறை வெளியே: வெயில், உராய்வு, ஈரத்தலையை இழுத்து வாருதல், கடின நீர். அதற்குப் பூச்சும் எண்ணெயும் உதவும். முடிச்சுள்ள முடிகள் நாளொன்றுக்கு 100-ஐ மிகவும் தாண்டினால் குறை உள்ளே. எத்தனை அம்மி அரைத்தாலும் அங்கே எட்டாது.

இரட்டைச் சடை போடும் மாணவிகளுக்கு ஒரு சோதனை. வீட்டில் அனுமதி பெற்று, பூச்சை முதலில் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் விட்டுவிடுங்கள். வராவிட்டால் நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் இடப்பக்கத்துக்கு மட்டும் பூச்சுப் போட்டு, அரை மணி நேரத்தில் அலசுங்கள். வலப்பக்கத்துக்கு வெறும் தண்ணீர். எண்ணெயும் சீப்பும் நீரும் இரு பக்கமும் ஒன்றே. பக்கவாரியாக உதிர்ந்தவை, முறிந்தவை என்று தினமும் எண்ணி நோட்டில் குறியுங்கள். எண்ணுகிறவருக்கு எந்தப் பக்கம் பூச்சு என்று தெரியக் கூடாது. தெரிந்தால் மனம் கணக்கை வளைத்துவிடும். தோழி ஒருத்தி வலப்பக்கம் பூசி இதையே செய்தால் இன்னும் நல்லது. சிலர் எப்போதும் ஒரே பக்கம் அழுத்தி வாருவார்கள். அதனால் வரும் பிழை அப்போது தெரிந்துவிடும்.

உள்ளே குறை என்றால்?

கடுமையான காய்ச்சல் வந்து தேறிய 2, 3 மாதங்களில் முடி கொத்துக் கொத்தாக உதிர்வதுண்டு. காய்ச்சலின்போது பல மயிர்க்கால்கள் ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடுகின்றன. ஓய்வுக்காலம் முடிந்ததும் ஒரே சமயத்தில் உதிர்க்கின்றன. காய்ச்சல் மறந்து போயிருப்பதால், 'தண்ணீர் சேரவில்லை' என்று பழி வேறெங்கோ போகிறது. பெரும்பாலும் இது சில மாதங்களில் தானே சரியாகும். அந்தச் சமயம் பூசிய எண்ணெய்க்குப் பெருமை சேர்ந்துவிடும்!

வட்டமாகச் சொட்டை விழுவதைப் புழுவெட்டு என்கிறோம். அதில் புழுவும் இல்லை, வெட்டும் இல்லை. உடலின் காவற்படையே மயிர்க்காலைத் தவறாகத் தாக்குவது அது. அதற்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.

இவற்றைவிடப் பரவலாகக் காணப்படும் குறை ஒன்று உண்டு: இரத்தசோகை. 2019-21-ல் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 59 பேருக்கு இரத்தசோகை. தமிழ்நாட்டிலும் அந்த வயதினரில் பாதிக்கு மேல். இரும்புச்சத்து குறைந்தால் உடல் முதலில் இதயத்தையும் மூளையையும் கவனிக்கிறது. கூந்தல் இல்லாமலும் உயிர் வாழலாம் அல்லவா? ஆகவே மயிர்க்காலின் பங்கு குறைந்துவிடுகிறது. படியேறினால் மூச்சு வாங்குவது, எப்போதும் சோர்வு, கீழ் இமையின் உட்புறம் வெளுத்திருப்பது ஆகியவற்றோடு முடியும் கொட்டினால், அம்மியை விட்டுவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள். முடி உதிர்வு அங்கே ஒரு நோய் அல்ல. உடல் எழுதிய கடிதம். அதைப் படிக்காமல் பூச்சால் மூடிவிடக் கூடாது.

அரசுப் பள்ளிகளில் வாரம் ஒரு முறை நீல நிற மாத்திரை தருகிறார்களே, அதில் 60 மில்லிகிராம் இரும்பும் ஃபோலிக் அமிலமும் உண்டு. வயிற்றைப் புரட்டுகிறது என்று சிலர் அதை ஜன்னல் வழியே வீசிவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு விழுங்கினால் புரட்டல் குறையும். அத்தோடு முருங்கைக்கீரை, பயறு, கொண்டைக்கடலை, முட்டை; அசைவம் உண்பவர்களுக்கு மதுரைக்காரர்கள் விரும்பும் சுவரொட்டி. அது ஆட்டின் மண்ணீரல்; இரும்பு நிறைந்தது. நெல்லிக்காயும் எலுமிச்சையும் இரும்பை உடல் ஏற்க உதவும். சாப்பிட்ட உடனே குடிக்கும் டீ அதைத் தடுக்கும். தலையில் தேய்க்கும் நெல்லிக்காயைவிட வாயில் போடும் நெல்லிக்காய் மயிர்க்காலுக்கு அருகில் போய்ச் சேருகிறது!

பாண்டியனுக்குப் பதில்

கடைசியாக, மன்னனின் சந்தேகம். கெரட்டினுக்கு என்று சொல்லும்படியான மணம் ஏதும் இல்லை. தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய்ப் பசைக்கு இலேசான வாடை உண்டு. ஆனால் அந்தப் பசையும் இழையும் பிற மணங்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் காலையில் சூடிய மதுரை மல்லியை மாலையில் எடுத்த பிறகும் சடை மணக்கிறது. மணத்தைப் பொறுத்தவரை நக்கீரர் பக்கமே பெரும்பாலும் நியாயம். அது வெளியிலிருந்து வருவது.

வளர்ச்சி மட்டும் அப்படி அல்ல. அது உள்ளிருந்து வருவது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை அப்பத்தா அரைத்து வைத்தால் மறுக்காமல் தலையைக் காட்டுங்கள். சிக்கு நீங்கும், முடி முறியாது, அப்பத்தா மடியில் அரை மணி நேரம் கிடைக்கும். வாரம் ஒரு நாள் கிடைக்கும் அந்த நீல மாத்திரையை மட்டும் மறந்துவிடாதீர்கள். நான்கு வாரம் கழித்து உங்கள் நோட்டுக் கணக்கை வகுப்பில் விஞ்ஞான ஆசிரியரிடம் காட்டுங்கள், அப்பத்தாவிடமும் காட்டுங்கள்.